பலப்பம் தின்ற பெண்

“பெரிய பாப்பாவுக்கு எத்தனை மாசத்துல பால் மறக்கடிச்சீங்க?”

இந்தக் கேள்வியை நான் கேட்டபோது என் மடியில் ரெக்கார்டு நோட்டு விரிந்திருந்தது. பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அந்தத் தாய், கையை நிறுத்தாமலே என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆறாம் வகுப்பில் படிக்கிற பெண்ணைப் பற்றிப் பேச வந்த டீச்சர் அவள் பால் குடித்த காலத்தை விசாரிப்பாள் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

நான் அப்போது முழு டீச்சர்கூட இல்லை. தருமபுரியில் ஆசிரியர் பயிற்சி இரண்டாம் வருடம். நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சிக்காக நல்லம்பள்ளியைத் தாண்டி ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். பாடம் நடத்துவதோடு இன்னொரு வேலையும் உண்டு. அந்தப் பள்ளியில் ஏதாவது பிரச்சினையுள்ள ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குப் போய் விசாரித்து, உளவியல்படி காரணம் கண்டுபிடித்து, ‘தனியாள் ஆய்வு’ என்று எழுதி ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ரேஷன் கடையில் கைநாட்டு வைப்பவர். அம்மா ஜெபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் ஜெபம் மட்டும் பிசகாமல் வரும், எல்லாம் மனப்பாடம். என் வயதுப் பெண்கள் புல்லுக்கட்டோடு திரும்புகிற நேரத்தில் நான் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு எங்கள் ஊர் அதியமான்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குவேன். இறங்கும்போது இரண்டு பேராவது பார்க்கிறார்களா என்று கவனிப்பேன். பெருமை எனக்கு உண்டு. இப்போதும் உண்டு.

உளவியல் வகுப்புதான் அந்தப் பெருமைக்கு நெய் ஊற்றியது. சமூகவியலும் கணிதமும் எல்லோரும் படிப்பது. இது அப்படியில்லை. எதிரே இருப்பவரின் உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியாததை நமக்குச் சொல்லித் தருகிற பாடம். விரிவுரையாளர் வியன்னா நகரத்து டாக்டர் ஒருவரின் கொள்கையை மூன்று வாரம் நடத்தினார். மனத்தில் மேலே தெரிவது கொஞ்சம், அடியில் கிடப்பது அதிகம், அதற்கு நனவிலி மனம் என்று பெயர் என்று சொல்லி, பலகையில் ஒரு பனிப்பாறையை வரைந்தார். நாங்கள் ஐஸ் பார்த்தது சேமியா ஐஸ்காரரின் பெட்டிக்குள்தான். நான் எங்கள் கிணற்றை நினைத்துக்கொண்டேன். சித்திரையில் தண்ணீர் இறங்கும்போது, அதுவரை தெரியாத ஒரு பாறை முதுகைக் காட்டும். ஐப்பசியிலும் மார்கழியிலும் நம் குடம் எதில் மோதி நசுங்கியது என்பது அப்போதுதான் புரியும்.

பிறகு இட், ஈகோ, சூப்பர் ஈகோ. வேண்டும் வேண்டும் என்று மட்டும் அழுகிறது ஒன்று. கூடாது கூடாது என்று மிரட்டுகிறது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே நின்று வெளியுலகத்தையும் பார்த்து நாளை ஓட்டுகிறது மூன்றாவது. மதியம் இரண்டாம் முறை சோறு வாங்கப் போகிறவளைப் பார்த்து, “உன் இட் என்னாடி இந்தச் சத்தம் போடுது” என்று கிண்டல் செய்வோம். தாங்க முடியாததை அடியில் அமுக்குவது ஒடுக்குதல், தன் குறையை அடுத்தவர் மேல் ஏற்றிப் பார்ப்பது புறத்தேற்றம், செய்த தப்புக்கு நல்ல காரணம் ஜோடிப்பது காரணம் கற்பித்தல். நோட்ஸை எல்லோரும் எழுதினார்கள். நான் பஸ்ஸில் வருகிறவர்கள் மேலெல்லாம் அவற்றை ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பருவங்கள். குழந்தைக்கு முதல் ஒன்றரை வருடம் இன்பமெல்லாம் வாயில் இருக்கிறது, அது வாய்ப்பருவம். அந்தப் பருவத்தில் பாலைச் சீக்கிரம் பிடுங்கிவிட்டால் மனத்தில் ஒரு பகுதி அங்கேயே தேங்கிவிடும். வளர்ந்த பிறகும் நகம் கடிக்கும், பென்சில் கடிக்கும், வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருக்கும். இதை எழுதி முடித்த மறுவாரம் அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஆறாம் வகுப்பில் ஒரு பெண் பலப்பம் தின்றுகொண்டிருந்தாள்.

சிலேட்டில் எழுதுகிற பலப்பத்துக்கு ஆறாம் வகுப்பில் வேலையில்லை. அவள் வீட்டிலிருந்து புளி கொண்டுவந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, மாற்றாகப் பலப்பம் வாங்குவாள். அதைக் கடைவாயில் வைத்துக் கடிக்கிற சத்தம் மூன்று வரிசை தள்ளிக் கேட்கும். பலப்பம் கிடைக்காத நாளில் சுவர் மூலையைச் சுரண்டுவாள்.

“ஏன் இதைத் திங்கிற?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்குது டீச்சர். மழ பேஞ்சா மண்ணு வாசம் வருதில்ல, அப்படி இருக்குது.”

“இவ வயித்துல சிலேட்டு கம்பெனியே நடக்குது டீச்சர்!” என்று பின்னால் இருந்தவள் கத்தினாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அழகான பெண். பள்ளியில் மற்ற பிள்ளைகளெல்லாம் வெயிலில் கறுத்துக் கிடக்க, இவள் மட்டும் வெளுத்த நிறமாக இருந்தாள். கல்வி அதிகாரி வருகிற நாளில் தட்டில் சந்தனம் ஏந்தி முன்னால் நிற்க இவளைத்தான் கூப்பிடுவார்கள். விளையாட்டு நேரத்தில் மட்டும் ஓட மாட்டாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். ‘பிறரோடு கலப்பதில்லை’ என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

இப்படித்தான் அன்றைக்கு அவள் வீட்டில், அவள் அம்மாவின் எதிரே நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

“எட்டு மாசந்தாங்க டீச்சர்,” என்றாள் அந்த அம்மா. “அடுத்தது வயித்துல தங்கிடுச்சு. அதுவும் நெலைக்கல. புளி மண்டிக்கு வேலைக்குப் போவணும், கைப்புள்ளையோட வந்தா மண்டிக்காரரு சேத்துக்க மாட்டாரு. வேப்பங்கொழுந்த அரச்சு மார்ல தடவிக்கிட்டன். மூணு நாளு கத்திச்சு. நாலாம் நாளு மறந்துடுச்சு.”

“மறக்கலைங்க,” என்றேன்.

கை நின்றது.

“நாம மறந்துட்டதா நெனைக்கிறோம். மனசு எதையும் மறக்காது. அடியில போய் உட்கார்ந்துக்கும். அன்னைக்குக் கெடைக்காத பாலைத்தான் உங்க பொண்ணு இன்னைக்குப் பலப்பத்துல தேடுறா.”

நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்கூட மறக்கவில்லை. சொல்லும்போது இருந்த சுகமும் மறக்கவில்லை.

அவள் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். பிறகு, “அப்ப நாந்தான் பண்ணிட்டனா?” என்றாள்.

“உங்க மேல தப்பு சொல்லலை. காரணம் அதுன்னு சொல்றேன்,” என்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாக உண்மையாகவே நம்பினேன்.

இரண்டு வயதுச் சின்னப் பெண் ஒன்று தத்தித் தத்தி நடந்து வந்து அவள் மடியில் ஏறியது. அம்மிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வேப்பங்கொழுந்து இருந்தது. இவளுக்கும் அந்த வாரம் மறக்கடிப்பதற்காகப் பறித்து வைத்ததாம். அவள் எழுந்து அந்தக் கொழுந்தை அள்ளி வெளியே எறிந்துவிட்டு வந்தாள். ‘ஆய்வாளரின் ஆலோசனையால் தாயிடம் மாற்றம்’ என்று எழுதினேன்.

கிளம்பும்போது அவள் தன்னைத் தேற்றிக்கொள்வதுபோலச் சொன்னாள். “நாங்க ரெண்டு பேருமே கருப்புங்க. இவ மட்டும் இந்த ஒரு வருசமா நல்லா கலராயிட்டே வர்றா. பாத்தீங்களா?”

“ஆமாங்க, நல்ல நிறம்,” என்றேன். ‘உடல் தோற்றம்’ என்ற இடத்தில் ‘நல்ல நிறம்’ என்று எழுதினேன்.

பயிற்சிக்கு நடுவே ஒரு சனிக்கிழமை எங்களைக் கூப்பிட்டிருந்தபோது விரிவுரையாளர் என் ரெக்கார்டை வகுப்பில் வாசித்துக் காட்டினார். ‘வாய்ப்பருவத் தேக்கம்’ என்ற முடிவுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார். வெளியிலிருந்து தேர்வாளர் வரும்போது மாதிரிக்கு வைக்க அதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அம்மாவுக்கு அதன் நகலை வாசித்துக் காட்டினேன். அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பலப்பம் என்ற இடத்தில் புன்னகை. பால் மறக்கடித்த இடத்தில் சிரிப்பு. முடிவு வந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“என்னா சிரிப்பு?”

“நீ தின்ன மண்ணுக்கு அளவு உண்டாடி? கோயிலுக்குப் பின்னால செவுத்துல ஒரு பொந்தே வுழுந்துச்சு. எலிதான் தோண்டுதுன்னு ஃபாதர் பொறி வெச்சாரு!”

“நானா?”

“பின்ன நானா? உனக்கு மூணு வருசம் பால் குடுத்தன். அப்புறம் எதுக்குடி நீ செவுத்த தின்ன? வயித்துல பூச்சிடி. ஒடம்புல ரத்தமில்ல. வெளுத்துப் போயி வெள்ளைக்காரிச்சி மாதிரி இருந்த. பெரியாஸ்பத்திரியில பூச்சி மாத்திர குடுத்தாங்க. வாரா வாரம் கறிக்கடையில ஆட்டு சுவரொட்டி வாங்கியாந்து, ரத்தம் ஊறணும்னு சுட்டுக் குடுத்தன். அந்தப் புள்ள கண்ண கீழ இழுத்துப் பாத்தியா, செவப்பா இருக்குதான்னு?”

எனக்கு அந்த ஞாபகம் துளியும் இல்லை. இல்லை என்பதே எனக்கு ஆத்திரமாக இருந்தது. மண் தின்ற பெண் என்று என்னை யாரும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் அது வக்கற்ற வீட்டுப் பிள்ளைகள் செய்கிற காரியம்.

“அது வேற, இது வேற. உனக்கு என்னா தெரியும்?” என்றேன்.

அம்மாவின் முகத்தில் சிரிப்பு இறங்கிய விதம் இன்னும் தெரிகிறது. “ஆமா, எனக்கு என்னா தெரியும்,” என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அந்தப் பெண் நோட்டைத் திருத்த என் மேசைக்கு வந்தாள். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன். தூக்கிய கை அவள் தலையில் போய் உட்கார்ந்தது. “நல்லா எழுதியிருக்க, போ,” என்றேன்.

அதற்குக் காரணங்கள் வைத்திருந்தேன். அம்மா படிக்காதவள். இவளோ தினமும் சத்துணவு சாப்பிடுகிறாள். வியன்னா டாக்டர் இத்தனை பெரியவர், பூச்சியைப் பற்றி அவருக்குத் தெரியாதா? ரெக்கார்டு வேறு தேர்வாளர் மேசைக்குப் போகப் போகிறது. இப்போது போய்க் குழப்பினால் விரிவுரையாளரையே அவமதித்ததாக ஆகும். காரணம் கற்பித்தலைப் பற்றி நோட்ஸில் ஒன்றரைப் பக்கம் எழுதியவள் நான். ஒன்பது நாள் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் காலை, பிரார்த்தனைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது அவள் விழுந்தாள். மயக்கம் போடுகிற பிள்ளைகள் தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடுவார்கள். இவள் எழவில்லை. உதடும் நகமும் சுண்ணாம்பு மாதிரி இருந்தன. தலைமை ஆசிரியர் பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டார். தருமபுரி வரும்வரை அவள் தலை என் மடியில் இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது என் தொடையில் தெரிந்தது. இப்போது இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டர் செய்த முதல் காரியமும் அதுதான். பிறகு நாக்கு, உள்ளங்கை.

“எத்தனை நாளா இப்படி?”

“தெரியல சார்.”

“நீங்க யாரு?”

“டீச்சர்.”

அவர் நர்ஸ் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. “கொக்கிப்புழு. வெறுங்காலோட நடக்கிற ஊரு. மண்ணு, சாக்பீஸெல்லாம் தின்றிருப்பாளே? ரத்தமில்லாம போனா ஒடம்பு அப்படித்தான் கேக்கும்,” என்று நர்ஸிடம் சொன்னார்.

மதியம் அவள் அம்மா சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். டாக்டரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, “நாந்தாங்க காரணம். எட்டு மாசத்துல மறக்கடிச்சுட்டன். டீச்சரம்மா அப்பவே சொன்னாங்க,” என்று அழுதாள்.

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னாம்மா உளர்ற? பூச்சிம்மா, பூச்சி,” என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பேச வேண்டிய இடம் அது. ரத்தப் பாட்டிலிலிருந்து சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெண் பிழைத்தாள். இரண்டு பாட்டில் ரத்தம், பூச்சி மாத்திரை, மூன்று மாதத்துக்கு இரும்புச் சத்து மாத்திரை.

நான் விரிவுரையாளரிடம் போய் ரெக்கார்டைத் திருப்பிக் கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வருத்தப்படத்தான் செய்தார். ஆனால், “மார்க் போட்டாச்சும்மா. கடைசியில ‘மருத்துவ சிகிச்சையும் அளிக்கப்பட்டது’ன்னு ஒரு வரி சேர்த்துடு,” என்றார். சேர்த்தேன். அந்த ரெக்கார்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த வருடத்துப் பெண்கள் அதைப் பார்த்து எழுதியதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த வாரம் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கடவுளின் பத்துக் கட்டளைகளில் இது எதில் சேரும் என்று முழங்காலில் இருந்தபடி யோசித்தேன். எதிலும் சரியாக உட்காரவில்லை. “ஒரு அம்மாகிட்ட, பிள்ளை நோவுக்கு நீங்கதான் காரணம்னு சொல்லிட்டேன் ஃபாதர். அது உண்மையில்ல,” என்றேன்.

“உண்மையில்லன்னு அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல ஃபாதர்.”

“பின்ன எங்கிட்ட வந்து என்னாத்துக்குச் சொல்ற? போய்ச் சொல்லிட்டு வா.” பாவமன்னிப்பு தராமலே அனுப்பிவிட்டார்.

அப்போதும் உடனே போகவில்லை. தேர்வு வந்தது, முடிவு வந்தது. கூடாது கூடாது என்று மிரட்டுகிற அந்தச் சூப்பர் ஈகோ தினமும் மிரட்டியது. ஆனால் மிரட்டல் மட்டும் ஒருவரை நடக்க வைக்காது போலிருக்கிறது. வியன்னா டாக்டர் சொன்னவற்றில் எனக்குப் பொருந்தாதது கொஞ்சம்தான். அந்தப் பெண்ணுக்குத்தான் பொருந்தவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். பெரியவள் வாசலில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். ஓடினாள், மூச்சு வாங்கவில்லை. உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். சிவந்திருந்தது.

“கருத்துட்டா பாருங்க டீச்சர்,” என்றாள் அம்மா உள்ளிருந்து. “முன்ன எப்படி இருந்தா!”

அதே இடத்தில், அதே புளிக்குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சின்னவளுக்குப் பால்வாடி போகிற வயது வரப்போகிறது. அவள் மடியில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவின் கழுத்தெலும்பில் ஆழாக்கு அரிசி நிற்கும் போலப் பள்ளம் விழுந்திருந்தது.

முதல் முறையாக அவளை அக்கா என்று கூப்பிட்டேன். “அக்கா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. பால் மறக்கடிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பூச்சிதான். நான் தெரியாத்தனமா சொல்லிட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

அவள் என்னைப் பிரியமாகப் பார்த்துச் சிரித்தாள். “எம்மனசு நோவக்கூடாதுன்னு சொல்றீங்க.”

“இல்லக்கா, நெசமாத்தான்—”

“பூச்சி எல்லாப் புள்ளைங்க வயித்துலயும்தாங்க இருக்குது. எம்பொண்ணு மட்டும் ஏன் வுழுந்தா? நீங்க ஒருத்தருதான் உள்ளத உள்ளபடி சொன்னீங்க. நோட்டுலகூட எழுதுனீங்களே.” சின்னவளின் தலையைத் தடவினாள். “இவளுக்கு அந்தப் பாவத்தப் பண்ண மாட்டன். அவளா போதும்னு சொல்ற வரைக்கும் குடுப்பன்.”

இன்னும் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் அவள் என் நல்ல குணத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

அப்புறம்தான் எழுந்து அவள் பக்கத்தில் போய், கட்டைவிரலால் அவள் கண் இமையைக் கீழே இழுத்தேன்.

“தூசி ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்றாள்.

பஸ்ஸில் என் மடியில் கிடந்த பெண்ணின் இமைக்குள் பார்த்த அதே வெளுப்பு.

“அக்கா, நாளைக்கழிச்சு பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. உங்களுக்கு ரத்தமில்ல.”

“புளி முடியட்டுங்க டீச்சர். எனக்கு என்னா, நான் நல்லாத்தான் இருக்கறன்.”

என்னிடம் இருந்த உண்மையெல்லாம் தீர்ந்துவிட்டது. முதல் நாள் பேசிய அதே குரலை வரவழைத்துக்கொண்டேன். நிமிர்ந்து, டீச்சராக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்: “அம்மாவுக்கு ரத்தம் கம்மியானா பால்ல நெறைவு இருக்காது. குடிச்சாலும் குடிக்காத மாதிரிதான். அப்புறம் சின்னவளும் பலப்பம் திம்பா.”

அவள் முகம் மாறியது. சின்னவளை மார்பிலிருந்து விலக்கி, ஒருமுறை பார்த்து, மறுபடி அணைத்துக்கொண்டாள்.

“அப்படிங்களா? எத்தன மணி பஸ்ஸுங்க?”

திங்கட்கிழமை காலை நான் போய்ச் சேர்வதற்கு முன்பே நிறுத்தத்தில் நின்றிருந்தாள். சின்னவள் இடுப்பில் இருந்தாள். தலைவாரி, பூ வைத்து, துவைத்த புடவை கட்டியிருந்தாள். நான் சொன்ன அந்தப் பொய்யை எந்த நோட்டிலும் எழுதவில்லை. ஃபாதரிடமும் இன்னும் சொல்லவில்லை.